‘லார்செனி’: ஒரு களவுச் சொல்லின் வரலாறு

அமெரிக்க நீதிமன்றச் செய்திகளை ஆங்கிலத்தில் படிக்கும் நம் மாணவர்கள் அடிக்கடி ஒரு சொல்லின் முன் தயங்கி நிற்கக் காண்கிறோம். ‘லார்செனி’ என்பது அச்சொல். அகராதியைப் புரட்டினால் ‘களவு, திருட்டு’ எனப் பொருள் கிடைத்துவிடும். அதனுடன் ‘பெட்டி’ என்னும் அடைமொழி சேர்ந்தால் சிறுதிருட்டு, சில்லறைத் திருட்டு. பொருள் தெரிந்துவிட்டது, அடுத்த வரிக்குப் போகலாம் என்றே எவருக்கும் தோன்றும். ஆயினும் இச்சொல்லை அவ்வளவு விரைவில் விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. அதன் முன் நின்ற அந்தச் சின்னஞ்சிறு அடைமொழி, இங்கிலாந்தில் ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, தூக்குமேடைக்கும் சாட்டையடிக்கும் இடையே நின்ற வேலியாக இருந்தது. அந்த வேலியைச் சட்டம் நகர்த்த மறுத்தபோது, சத்தியம் செய்து அமர்ந்த பொதுமக்கள் தெரிந்தே பொய் சொல்லி அதனை நகர்த்தினர். அவ்வரலாற்றை ஆசிரியர்களும் மாணவர்களும் அறிந்துகொள்ளுமாறு எடுத்துரைப்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

களவைக் குறிக்கும் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமில்லை. ‘தெஃப்ட்’, ‘ஸ்டீல்’ ஆகியவை அம்மொழியின் பழங்குடிச் சொற்கள். ‘பில்ஃபர்’ என்பது கொள்ளைப் பொருளைக் குறித்த பழம் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்து, இன்று கிடங்கிலும் அலுவலகத்திலும் சிறுகச் சிறுக எடுத்துச் செல்வதைக் குறிக்கிறது. ‘ஃபில்ச்’ என்பது 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாடோடிகளும் கள்வர்களும் தமக்குள் பேசிய மறைமொழியில் வழங்கிய சொல். நம் இலக்கணிகள் குழூஉக்குறி என்று வகுத்தார்களே, அவ்வகையைச் சேர்ந்தது. ‘லூட்’ என்பது இந்தியிலிருந்து ஆங்கிலேயரே எடுத்துச் சென்ற சொல். கொள்ளைப் பொருளுடன் கொள்ளையைக் குறிக்கும் சொல்லும் கப்பலேறியது எனலாம். இவையெல்லாம் தெருவிலும் வீட்டிலும் புழங்கும் சொற்கள். லார்செனி மட்டும் நீதிமன்றத்தில் வளர்ந்த சொல். அதனால்தான் அதன் வரலாறு மற்றவற்றினும் கனமானது.

அச்சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. அம்மொழியில் ‘லாட்ரோன்’ என்றால் கூலி, ஊதியம் என்று பொருள். களவுடன் அதற்கு எவ்வித உறவும் இல்லை. கூலிக்கு வேலை செய்பவனைக் குறித்த ‘லாட்ரிஸ்’ என்னும் சொல்லும், ஊழியத்தையும் பின்னர் இறைவழிபாட்டையும் குறித்த ‘லாட்ரேயா’ என்னும் சொல்லும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. உருவ வழிபாட்டைக் குறிக்கும் ‘ஐடோலட்ரி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பிற்பாதி இதுவே. ஒரு கிளை கோயிலுக்குப் போயிற்று. மற்றொரு கிளை உரோமரிடம் போயிற்று.

இலத்தீனில் ‘லாட்ரோ’ என்பவன் முதலில் கூலிக்குப் போர் செய்யும் வீரன். கிறித்துவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நாடகம் எழுதிய பிளாட்டஸ் அப்பொருளிலேயே அதனைக் கையாள்கிறார். அரசனின் பக்கத்தில் வாளேந்தி நிற்பவன் ஆதலின், பக்கம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என வார்ரோ என்னும் உரோம அறிஞர் விளக்கம் கூறினார். ஒலி ஒப்புமையை மட்டும் நம்பிச் சொல்லப்பட்ட விளக்கம் அது; இன்றைய மொழியியலார் அதனை ஏற்பதில்லை. ஆனால் அவர் காலத்திலும் அச்சொல்லுக்கு ஒரு மதிப்பான பழம்பொருள் இருந்தது என்பதற்கு அது சான்று. உரோமர் ஆடிய ஒரு பலகை விளையாட்டின் காய்களுக்கும் ‘சிறு லாட்ரோக்கள்’ என்றே பெயர். சதுரங்கக் காய்களைச் சிப்பாய்கள் என்று நாம் சொல்வதைப் போன்றதே அது.

போர் முடிந்தது, கூலி நின்றது. கையில் ஆயுதமும் வயிற்றில் பசியும் உடையவன் வழிமறித்துப் பிடுங்கலானான். லாட்ரோ என்னும் சொல்லும் அவனுடனே சென்று வழிப்பறிக் கொள்ளையனைக் குறிப்பதாயிற்று. விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இயேசுவுடன் சிலுவையில் அறையப்பட்ட இருவரையும் இச்சொல்லே குறிக்கிறது. இசுப்பானியத்தில் அது ‘லாட்ரோன்’ ஆயிற்று. மலாக்காவைப் போர்ச்சுகீசியர் கைப்பற்றியபோது உடனிருந்த மகெல்லன், பத்தாண்டுகள் கழித்து 1521-இல் பசிபிக் கடலில் தீவுக்கூட்டம் ஒன்றை அடைந்தார். அங்கிருந்தோர் கப்பலின் சிறுபடகை எடுத்துச் சென்றுவிட, அந்நிலத்துக்கே ‘கள்வர் தீவுகள்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டிவிட்டார். மரியானா என்னும் இன்றைய பெயர் பின்னர் வந்தது.

தமிழறிந்த நமக்கு இந்தப் பொருள் மாற்றம் வியப்பளிக்க வேண்டியதில்லை. ‘கூலிப்படை’ என்னும் நம் சொல்லை எண்ணிப் பார்ப்போம். ஊதியத்துக்குப் போர் செய்யும் படை என்பதே அதன் பொருள். இன்றைய தமிழ் நாளிதழில் அது காசு வாங்கிக்கொண்டு ஆளை வெட்டும் கும்பலைக் குறிக்கிறது. இலத்தீனில் நடந்தது அப்படியே நம் கண்முன் நடந்திருக்கிறது. ‘கூலி’யின் கதையும் அதனுடன் சேர்த்து நோக்கத்தக்கது. தமிழில் அது உழைப்புக்குரிய ஊதியம். ஆங்கிலத்திலோ அது உழைப்பவனையே குறிக்கும் இழிசொல். அந்த ஆங்கிலச் சொல் தமிழ்க் ‘கூலி’யிலிருந்து பிறந்தது என்பாரும், குசராத்தின் கோலி என்னும் இனப்பெயரிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும், இந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் அச்சொல்லைச் சுமந்தவர்கள் நம் முன்னோர். கூலி வாங்குபவன் ஆயுதம் ஏந்தினால் கொள்ளையன், மண்வெட்டி ஏந்தினால் கூலி என்று இரு மொழிகளும் சொல்லிவிட்டன. கூலி கொடுத்தவனைக் குறிக்கும் சொல் மட்டும் எம்மொழியிலும் கீழே விழுந்ததாக நாம் கண்டதில்லை.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். 1066-இல் நார்மானியர் அந்நாட்டை வென்ற பிறகு, அரசவையும் வழக்கு மன்றமும் பிரெஞ்சு பேசத் தொடங்கின. கொள்ளைத் தொழிலைக் குறித்த ‘லாட்ரோசினியம்’ என்னும் இலத்தீன் சொல், பிரெஞ்சு வாயில் தேய்ந்து ‘லார்சின்’ ஆகியிருந்தது. வழக்கறிஞர் அதனை இங்கிலாந்தின் சட்டமொழியாக்கினர். ஆங்கிலம் அதன் ஈற்றில் ஓர் இகரத்தைச் சேர்த்து ‘லார்செனி’ என்றது. உருவம் தேய்ந்ததைப் போலவே பொருளும் தேய்ந்திருந்தது. உரோமருக்கு அது ஆயுதமேந்திய கொள்ளை. ஆங்கிலேயருக்கோ ஆளை அச்சுறுத்தாமல், ஓசையின்றிப் பிறர் பொருளை எடுத்துச் செல்வது; கொள்ளைக்கு அவர்கள் ‘ராபரி’ எனத் தனிச்சொல் வைத்தனர். ஓசையற்ற களவுக்கு உரோமர் வழங்கிய சொல் ‘ஃபுர்டும்’. அது ஆங்கிலத்தில் ‘ஃபர்டிவ்’ எனக் கள்ளப் பார்வைக்கும் கள்ள நடைக்கும் அடைமொழியாக ஒதுங்கிவிட்டது. தமிழ்ச் செய்திகளில் லார்செனியைக் ‘கொள்ளை’ என மொழிபெயர்த்திருக்கக் காணும்போதெல்லாம் இந்த வேறுபாட்டை நாம் நினைத்துக்கொள்கிறோம். சொல்லின் பிறப்பு கொள்ளைதான். ஆனால் சட்டத்தில் அதன் பொருள் களவு.

பொருள் இன்னதென வரையறுப்பதில் இங்கிலாந்தின் நீதிபதிகள் மிக நுட்பமாக நடந்துகொண்டனர். பிறருடைய அசையும் பொருளைத் தீய கருத்துடன் எடுக்கவும் வேண்டும், எடுத்ததைச் சிறிதேனும் நகர்த்திச் செல்லவும் வேண்டும். இரண்டும் இருந்தால்தான் லார்செனி. நிலம் அசையாதது, ஆகவே அதனைக் களவாட முடியாது. நிலத்தில் நிற்கும் மரமும் நிலத்தின் பகுதியே. அயலான் தோட்டத்து மரத்தை வெட்டிய கையோடு தூக்கிச் சென்றவன் லார்செனி செய்தவன் ஆகான். வெட்டிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், பிறிதொரு நேரம் திரும்பி வந்து எடுத்தால் மட்டும் குற்றவாளி. இடைப்பட்ட நேரத்தில் மரம் அசையும் பொருளாகிவிட்டதல்லவா! நாய் உணவுக்கு உதவாத விலங்கு ஆதலால் அதனைக் கவர்ந்தாலும் லார்செனி ஆகாது. 1614-இல் ஹெய்ன்ஸ் என்பவன் புதைகுழிகளைத் தோண்டிப் பிணங்களின் மேலிருந்த துணிகளை எடுத்துச் சென்றான். பிணத்துக்கு உடைமை இல்லை, ஆகவே துணி யாருடையது என்னும் வினா எழுந்தது. துணியைப் போர்த்தியவருக்கே அது உரியது என முடிவு கூறி அவனைக் குற்றவாளி ஆக்கினர்.

நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்ந்தவனின் நிலை இதனினும் விந்தையானது. பொருள் ஏற்கெனவே அவன் கையில் இருக்கிறது, அவன் ‘எடுக்க’வில்லையே! 1473-இல், சௌதாம்ப்டனுக்குக் கொண்டு செல்ல ஒப்படைக்கப்பட்ட பொதிகளை உடைத்து உள்ளிருந்ததை எடுத்துக்கொண்ட ஒரு வண்டிக்காரனின் வழக்கில் நீதிபதிகள் நீண்ட நேரம் வாதிட்டனர். பொதி அவனிடம் ஒப்படைக்கப்பட்டது, பொதிக்குள் இருந்த சரக்கு ஒப்படைக்கப்படவில்லை; ஆகவே பொதியை உடைத்தபோதே களவு நிகழ்ந்தது என்பதே அவர்கள் கண்ட வழி. பொதியை உடைக்காமல் முழுவதுமாக எடுத்துச் சென்றிருந்தால் அவன் தப்பியிருப்பான். 1799-இல் பேஸ்லி என்னும் வங்கி ஊழியர் வாடிக்கையாளர் கொடுத்த 100 பவுண்டுத் தாளைப் பெட்டியில் இடாமல் தம் பையில் இட்டுக்கொண்டார். தாள் வங்கியின் கைக்கு வரவேயில்லை, ஆகவே அது லார்செனி இல்லை என முடிவாயிற்று. அவ்வாண்டிலேயே அத்தகைய கையாடலுக்குத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சிலந்திவலை போன்ற இந்த நுட்பங்களைப் படிக்கும்போது நகைப்பு வருகிறது. ஆனால் அந்நீதிபதிகள் ஏன் சொல்லின் எல்லையை இவ்வளவு குறுக்கினர் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அவ்வெல்லைக்குள் விழுந்தவனுக்குக் காத்திருந்தது தூக்குக்கயிறு.

களவு இருவகைப்பட்டது. ஒன்று பெருங்களவு, அதற்கு ‘கிராண்டு’ என்னும் பிரெஞ்சு அடைமொழி. மற்றது சிறுகளவு, அதற்குப் ‘பெட்டி’ என்னும் பிரெஞ்சு அடைமொழி. இரண்டையும் பிரித்த கோடு 12 பென்னி. அதாவது ஒரு ஷில்லிங். பவுண்டில் இருபதில் ஒரு பங்கு. 1275-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் 12 பென்னி மதிப்புக்கு மேற்படாத களவைச் சிறுகளவு எனத் தனியே குறித்து, அதில் சிக்கியவரைப் பிணையில் விடலாம் என்றது. 12 பென்னிக்கு மேற்பட்டால் பெருங்களவு, அதற்கு மரணம். மேற்படாவிட்டால் சாட்டையடி, சிறை. ‘பெட்டி’ என்பதற்கு அக்காலத்தில் இழிவுப் பொருள் கிடையாது; சிறியது என்பது மட்டுமே பொருள். அற்பம், கீழ்மை என்னும் சாயல் பின்னர் ஏறியது. சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘சில்லறை’, தமிழில் ‘சில்லறைத்தனம்’ என்று இழிந்ததை இங்கே ஒப்பிடலாம்.

கோடு 12 பென்னியில் நின்றது. பணத்தின் மதிப்போ நூற்றாண்டுதோறும் இறங்கிற்று. 13-ஆம் நூற்றாண்டில் ஒரு ஷில்லிங் என்பது கணிசமான பொருள். 18-ஆம் நூற்றாண்டில் ஒரு கைக்குட்டையும் ஒரு கரண்டியும் அதனை எட்டிவிட்டன. பொருள்களின் விலையெல்லாம் ஏறியிருக்க மனித உயிரின் விலை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது என ஸ்பெல்மன் என்னும் அறிஞர் வருந்தியதை, பிளாக்ஸ்டன் 1769-இல் தம் சட்ட விளக்க நூலின் நான்காம் தொகுதியில் எடுத்துக் காட்டுகிறார்.

உயிர் தப்ப ஒரு வழி நெடுங்காலம் திறந்திருந்தது. குருமாரை அரசனின் மன்றம் தண்டிக்கக் கூடாது என்னும் பழைய உரிமை, எழுத்தறிந்த எவரையும் குருவாகக் கருதும் வழக்கமாக நெகிழ்ந்தது. குற்றவாளியின் கையில் விவிலியத்தைக் கொடுப்பர். அவன் 51-ஆம் சங்கீதத்தின் முதல் அடியைப் படித்துக் காட்டினால் முதல் முறை உயிர் பிழைப்பான். பெருவிரலில் சூடு போட்டு விடுவர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த ஓரடியை மனப்பாடம் செய்து வைத்திருந்ததாகச் சொல்வர். நாடகாசிரியர் பென் ஜான்சன் 1598-இல் ஒருவரைச் சண்டையில் கொன்றுவிட்டு இவ்வழியில்தான் தப்பினார். எழுத்தறிவே உயிர் காத்த காலம் என்று ஆசிரியர்கள் இதனை வகுப்பில் சொல்லலாம்; ஆனால் அதே காலத்தில் எழுத்தறியாமை உயிர் குடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படித்துக் காட்டும் சோதனையை 1706-இல் எடுத்துவிட்டனர்.

அவ்வழியையும் நாடாளுமன்றம் ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கியது. 1699-இல் ஒரு சட்டம்: கடையிலிருந்து 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளை மறைவாக எடுத்தால் மன்னிப்பில்லாத மரணம். 1713-இல் மற்றொன்று: குடியிருக்கும் வீட்டிலிருந்து 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளை எடுத்தால் அதே தண்டனை. வணிகரும் வீட்டு உரிமையாளரும் நிறைந்த மன்றம் தன் கடைக்கும் தன் வீட்டுக்கும் காவல் கேட்டது, கேட்டது கிடைத்தது.

இந்நிலையில்தான் ஜூரிகள் நம் கதைக்குள் வருகின்றனர். ஜூரி என்பது பன்னிரு குடிமக்கள் அமர்ந்து, குற்றம் உண்டா இல்லையா என முடிவு கூறும் குழு. சிங்கப்பூரில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் மலேசியாவில் 1995-இலும் அம்முறை நீக்கப்பட்டதால் இன்றைய மாணவர்கள் அதனைத் திரைப்படங்களில் மட்டுமே கண்டிருப்பர். திருட்டு வழக்கில் பொருளின் மதிப்பு எவ்வளவு என்று கூறுவதும் அக்குழுவின் பொறுப்பாக இருந்தது. மெய்யாகவே தீர்ப்புரைப்போம் என விவிலியத்தைத் தொட்டுச் சத்தியம் செய்த அந்தப் பன்னிருவரும், கண்முன் இருக்கும் பொருளின் விலையைக் கூசாமல் குறைத்துச் சொன்னார்கள்.

லண்டனின் ஓல்டு பெய்லி மன்றத்தின் விசாரணைக் குறிப்புகள் 1674 முதல் 1913 வரை அச்சாகி வெளிவந்தவை. 18-ஆம் நூற்றாண்டுப் பக்கங்களை எங்குப் புரட்டினாலும் ‘10 பென்னி மதிப்புக்குக் குற்றவாளி’ என்னும் முடிவு மீண்டும் மீண்டும் கண்ணில் படும். குற்றச்சாட்டில் பொருளின் விலை பல ஷில்லிங் என்றிருக்கும். முடிவில் அது 10 பென்னியாகச் சுருங்கியிருக்கும். கடையில் திருடியவருக்கு 4 ஷில்லிங் 10 பென்னி. வீட்டில் திருடியவருக்கு 39 ஷில்லிங். நாணயங்களையே திருடிய வழக்குகளிலும் இவ்வாறு நிகழ்ந்தது என்பதுதான் எல்லாவற்றினும் வியப்பானது. ஒரு துணியின் விலையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். கையில் எண்ணத்தக்க பொற்காசின் விலையில் என்ன கருத்து வேறுபாடு இருக்க முடியும்? ஜூரிகள் அதனையும் எண்ணி, 39 ஷில்லிங் என்றே கூறினர். நீதிபதி மேடையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பல வேளைகளில் அவரே அவ்வழியைச் சுட்டிக் காட்டினார். இப்பொய்க்குப் பிளாக்ஸ்டன் இட்ட பெயரைத் தமிழில் ‘அறப் பொய்ச்சத்தியம்’ எனலாம். சட்டத்தைப் போற்றி நான்கு தொகுதிகள் எழுதியவர் அவர். பொய்ச்சத்தியம் என்னும் சொல்லின் முன் ‘அற’ என்னும் அடைமொழியை வைக்க அவருக்கு எளிதாக இருந்திராது என்றே நாம் எண்ணுகிறோம்.

ஜூரிகளை நாம் தெய்வங்களாக்கிவிட வேண்டாம். அவர்கள் எல்லார்க்கும் இரங்கவில்லை. பழங்குற்றவாளி எனத் தெரிந்தவனுக்கும், நற்சான்று கூற ஆளில்லாத அயலூரானுக்கும் முழு விலையையே சொன்னார்கள். அவன் தூக்கில் தொங்கினான். மேலும், 10 பென்னி என்னும் முடிவு வீட்டுக்கு அனுப்பும் முடிவும் அன்று. 1718-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சிறுகளவுக் குற்றவாளியையும் ஏழாண்டுகள் கடல் கடத்தலாம். முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு, 1788 முதல் ஆஸ்திரேலியாவுக்கு. ஏழாண்டு முடிந்தபின் திரும்பும் கப்பல் செலவை அவரே தேட வேண்டும். ‘சிறு’ என்னும் அடைமொழி உயிரைக் காத்தது; ஊரையும் உறவையும் காக்கவில்லை.

சர் சாமுவெல் ரோமில்லி என்னும் வழக்கறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கொடுமையை நாடாளுமன்றத்தில் எதிர்த்து நின்றார். பையில் கைவிட்டு 12 பென்னிக்கு மேல் எடுத்தவனுக்கு எலிசபெத் அரசி காலத்தில் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 1808-இல் நீக்கச் செய்தார். கடைத் திருட்டுக்கான 5 ஷில்லிங் சட்டத்தை நீக்க அவர் கொண்டுவந்த முன்வரைவு 1810-இல் மக்களவையைக் கடந்தும் பிரபுக்கள் அவையில் தோற்றது. எதிர்த்து வாக்களித்தோருள் ஆயர்களும் இருந்தனர். அடுத்த ஆண்டு எதிர்பாராத இடத்திலிருந்து துணை வந்தது. துணி வெளுக்கும் தொழிலுடையோர், தங்கள் களங்களில் துணி திருடுவோருக்கான மரண தண்டனையை நீக்குமாறு தாமே விண்ணப்பித்தனர். இரக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. கயிறு நிச்சயம் என்றால் ஜூரிகள் திருடனை விட்டுவிடுகிறார்கள், தண்டனையைக் குறைத்தால்தான் எங்கள் துணி மிஞ்சும் என்பதே அவர்கள் சொன்ன கணக்கு. அக்கணக்கு வென்றது. ரோமில்லியின் வாதமும் அடிப்படையில் அதுவே: கொடுமையான தண்டனை எப்போதாவது விழுவதைவிட, மிதமான தண்டனை தவறாமல் விழுவதே குற்றத்தைத் தடுக்கும். அவர் 1818-இல் மறைந்தார்.

1827-இல் உள்துறை அமைச்சர் பீல், களவுச் சட்டங்களைத் தொகுத்தபோது பெருங்களவு, சிறுகளவு என்னும் வேறுபாடு நீக்கப்பட்டது. 12 பென்னிக் கோடு அன்றுதான் அழிந்தது. வீட்டுக் களவுக்கான மரண வரம்பு மட்டும் 40 ஷில்லிங்கிலிருந்து 100 ஷில்லிங்காக உயர்த்தி வைக்கப்பட்டது. ஜூரிகள் என்ன செய்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? 39 ஷில்லிங் என்று கூறிவந்தவர்கள் 99 ஷில்லிங் என்று கூறத் தொடங்கினார்கள். 1832-இல் அம்மரண தண்டனையும் போயிற்று. லார்செனி என்னும் சொல் 1861, 1916 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களில் மேலும் வாழ்ந்து, 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்திலிருந்து விடைபெற்றது. அதனிடத்தில் பழைய ‘தெஃப்ட்’ வந்து அமர்ந்தது.

இச்சொல் நம் சட்ட நூல்களில் ஏன் இல்லை என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1834-இல் இந்தியாவுக்கு வந்த மெக்காலே தலைமையில் 1837-இல் ஒரு தண்டனைச் சட்ட வரைவு உருவாயிற்று. அது 1860-இல் இந்தியச் சட்டமாயிற்று. சிறு மாற்றங்களுடன் 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமாயிற்று. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் தண்டனைச் சட்டத் தொகுப்புகளும் அதன் வழிவந்தவையே. மெக்காலே லார்செனி என்னும் சொல்லைத் தொடவில்லை. ‘தெஃப்ட்’ என்னும் எளிய சொல்லை எடுத்து, 378-ஆம் பிரிவில் புதிதாக வரையறை செய்தார். அப்பிரிவின் கீழ்வரும் எடுத்துக்காட்டுகளை இங்கிலாந்தின் கதையை அறிந்தபின் படித்தால் ஒரு புன்னகை வரும். முதலாவது: பிறர் நிலத்து மரத்தை எடுத்துச் செல்லும் தீய எண்ணத்துடன் வெட்டுபவன், வெட்டிப் பிரித்த அளவிலேயே திருடனாகிறான். இரண்டாவது: பையில் இரையை வைத்துக்கொண்டு பிறருடைய நாயைத் தன் பின்னே வரச்செய்பவன், நாய் நடக்கத் தொடங்கியதுமே திருடனாகிறான். பல நூற்றாண்டுக் குழப்பத்தில் மரமும் நாயும் இரண்டே வரிகளில் மீட்கப்பட்டன. 380-ஆம் பிரிவு வீட்டுத் திருட்டைப் பேசுகிறது. அதில் எந்தப் பண வரம்பும் இல்லை.

பெருங்களவு, சிறுகளவு என்னும் பிரிவையும் மெக்காலே வைக்கவில்லை. அப்படியானால் மிகச் சிறியவற்றை என்ன செய்வது? பிறருடைய மைக்கூட்டில் பேனாவைத் தொட்டு எழுதுவதும் எழுத்தளவில் திருட்டுதானே என அவரே தம் வரைவின் விளக்கத்தில் வினவுகிறார். அதற்காகவே 95-ஆம் பிரிவு எழுந்தது: இயல்பான அறிவும் குணமும் உள்ள ஒருவர் முறையிட மாட்டாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றம் ஆகாது. சிறுமையை அளக்க இங்கிலாந்து நாணயத்தை வைத்தது. இச்சட்டம் ஓர் இயல்பான மனிதரின் மனத்தை வைத்தது. இரண்டாவது அளவுகோலே மேல் என்பது நம் கருத்து. மனத்தை அளப்பது கடினம் என்பாரும் உளர். ஆனால் அது பணவீக்கத்தால் தேய்வதில்லை.

தமிழில் களவு என்னும் சொல்லுக்கும் இரு முகங்கள் உண்டு என்பது நாம் அறிந்ததே. கள்ளாமையைத் துறவறவியலில் வைத்த வள்ளுவர், காமத்துப்பாலில் களவியல் வகுத்தார். பிறர் அறியாமல் செய்வது என்பதே அச்சொல்லின் கரு. ஆகவே, மறைவாக எடுப்பதைக் குறிக்கும் லார்செனிக்குக் களவு என்பது மிகப் பொருத்தமான பெயர்ப்பு. நீதிமன்றச் செய்தியைத் தமிழாக்கும் மாணவர்களுக்குச் சிறுகளவு, பெருங்களவு என்னும் இணையையே நாம் பரிந்துரைப்போம். அவ்விணைக்கு இன்னும் வேலை இருக்கிறது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அச்சொல் அங்கே மறையவில்லை. நியூயார்க் மாநிலச் சட்டம் இன்றும் ‘பெட்டிட்’ எனப் பழைய பிரெஞ்சு எழுத்துகளுடனே அதனை எழுதுகிறது. 1,000 டாலருக்கு மேற்பட்டால் பெருங்களவு. வர்ஜினியா மாநிலம் 1980 முதல் 2018 வரை 200 டாலரிலேயே கோட்டை நிறுத்தியிருந்தது. ஒரு கைப்பேசியை எடுத்தவரும் பெருங்குற்றவாளி ஆகும் நிலை வந்தபின், 2018-இல் 500 டாலராகவும் 2020-இல் 1,000 டாலராகவும் உயர்த்தியது.

மெக்காலே நீக்கிய கோடு இந்தியாவுக்கும் திரும்பியிருக்கிறது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தின் 303-ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவருக்குத் தண்டனை சமூகச் சேவை. இம்முறை கோட்டின் இப்புறம் சாட்டையும் இல்லை, கப்பலும் இல்லை. பொருளின் மதிப்பு 4,900 ரூபாயா 5,100 ரூபாயா என்னும் வழக்கு வரும்போது அதனை முடிவு செய்பவர் நீதிபதி ஒருவரே. இந்தியாவிலும் ஜூரி முறை எப்போதோ நீங்கிவிட்டது.